தாய்வீடு போகும்போது ரிப்போர்ட்டும் கூடவே போகட்டும்: கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி பார்ப்பது எப்படி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. போன மாதம் வந்து சேர்ந்த பெண், "மேடம், நீங்க சொல்றத எழுதிக் குடுத்துடுங்களேன், சுவத்துல ஒட்டிக்கிறேன்" என்றாள். சுவரில் ஒட்டுகிற அளவுக்குச் சுருக்கமாக எனக்கு எழுத வராது. அதனால் இப்படி.

நான் 2001ல் வேலைக்குச் சேர்ந்தவள். தஞ்சாவூர்ப் பக்கம். செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கர்ப்பிணித் தாய்மார் நாள். ஒன்பதரை மணிக்கெல்லாம் வராந்தா பெஞ்சு நிரம்பிவிடும். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின், எச்.ஐ.வி., சிபிலிஸ், இவற்றோடு ஹெபடைடிஸ் பி. மற்றதெல்லாம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஹெபடைடிஸ் பி என்றால் மட்டும், "மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சாப் போச்சு" என்பார்கள். நம் ஊழியர்களிலேயே அப்படிச் சொல்பவர்கள் உண்டு.

கெட்ட தண்ணீரால் வரும் காமாலை ஏ வகை, ஈ வகை. பி வகைக் காமாலையைத் தருவது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்; அது ரத்தத்தால் வரும், உடலுறவால் வரும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். நாம் கவலைப்படுவது கடைசியாகச் சொன்ன வழிக்குத்தான். வளர்ந்த ஆளுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ். நூற்றுக்கு 90 குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். சின்ன வயதில் ஒரு தொந்தரவும் காட்டாது. முப்பது நாற்பது வயதில், வீட்டைத் தாங்குகிற நேரத்தில், கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிறந்த அன்றே வாங்கி வந்தவர்கள்.

யாருக்குப் பார்ப்பது என்றால், வயிற்றில் பிள்ளையோடு வருகிற எல்லாருக்கும். கண் மஞ்சளாக இருக்கிறதா, கணவர் லாரி ஓட்டுகிறாரா என்றெல்லாம் ஆள் பார்த்து எடுக்கக் கூடாது. தொற்று உள்ள கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கண்ணும் மஞ்சளாகாது, சிறுநீரும் மஞ்சளாகாது, பசியும் குறையாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பார்க்க வேண்டும். "போன பிள்ளைக்கே பாத்தாச்சுங்க" என்றால், "சரிம்மா, இந்தப் பிள்ளைக்கும் பாத்துடுவோம்" என்று சொல்லிக் கையை நீட்டச் சொல்லுங்கள். முதல் தடவை வரும்போதே, கூடுமானவரை முதல் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் அடுத்து செய்ய வேண்டியதற்கெல்லாம் அவகாசம் வேண்டும்.

பேர் கேட்பதில் இருக்கிறது பாதி

டெஸ்ட் தப்பாவது கார்டில், அதாவது சொட்டு விட்டுக் கோடு பார்க்கிற அந்தச் சின்ன டெஸ்ட் அட்டையில், என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் அது டியூபில் ஒட்டுகிற பெயரில்தான் தப்பும். ஒரே செவ்வாய்க்கிழமை மூன்று பிரியா வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. "பிரியாவா?" என்று கேட்காதீர்கள். அசதியில் இருக்கும் பெண் எதற்கும் தலையாட்டுவாள். "உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டு அவள் வாயால் சொல்ல வையுங்கள். நான் சேர்ந்த புதிதில் பல பெண்கள் கணவர் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் "கோயில்ல இருக்கிற சாமி பேருதாங்க, வேல் வச்சிருப்பாரு" என்று விடுகதை போடுவார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பட்டென்று சொல்லிவிடுகிறார்கள்.

பெயரோடு பிக்மி எண்ணையும், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசுப் பதிவில் கிடைக்கும் எண்ணையும், டியூபில் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிறார்களே, அதே 12 இலக்க எண். ரத்தம் எடுத்த உடனே, அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே எழுத வேண்டும். பத்து டியூபை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மொத்தமாக எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

என்னென்ன பார்க்கப் போகிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு எடுங்கள். நான் சொல்வது இதுதான்: "ரத்தத்துல சில கிருமி இருக்கான்னு பாப்போம்மா. இருந்தாலும் பயமில்ல, பிள்ளைக்குப் போகாம தடுக்க ஊசி இருக்கு." எச்.ஐ.வி.க்குத் தனியாக ஆலோசகர் பேசுவார். அதற்கும் இதற்கும் சேர்த்து ஒரே தடவை குத்தினால் போதும்.

கார்டும் இருபது நிமிடமும்

நாம் தேடுவது ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம். வயதான டெக்னீஷியன்கள் இன்னும் இதை "ஆஸ்திரேலியா ஆன்டிஜன்" என்பார்கள். அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதை முதலில் கண்டதால் வந்த பெயர். 1976ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018ல் தொடங்கியதும் அதே தேதியில்தான்.

ரத்தம் உறைய அரைமணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றினால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் சிவப்பாக வரும். அந்தச் சிவப்பு கார்டில் பரவி, கோடு தெரிகிறதா இல்லையா என்று கண்ணைக் குழப்பும். சிலர் விரல் நுனி ரத்தத்திலேயே பார்க்கிறார்கள். அதற்கென்று அனுமதித்த கிட் என்றால் சரி. சீரத்துக்கான கிட்டில் விரல் ரத்தத்தை விடாதீர்கள்.

கார்டு உறையின் மேல் காலாவதித் தேதியையும் லாட் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலான கிட்களில் 2 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம் என்று போட்டிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஜன்னலோர அலமாரியில், மின்விசிறியும் நின்ற மதியத்தில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? கோடைக்காலத்தில் நான் கிட்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டியதைக் காலையில் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிப்பேன். சில்லென்றிருக்கும்போது பிரித்தால் கார்டு வியர்க்கும். உறைக்குள் ஒரு சின்ன சிலிக்கா பொட்டலம் இருக்கும். அது நிறம் மாறியிருந்தால் கார்டைத் தூக்கிப் போடுங்கள். புது லாட் வந்தால் முதலில், ஏற்கெனவே முடிவு தெரிந்த ஒரு பாசிட்டிவ் சீரமும் ஒரு நெகட்டிவ் சீரமும் ஓட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிய பின்தான் நோயாளிக்கு.

கார்டைத் தட்டையான இடத்தில் வைத்து, அதன் மேலேயே பெயரை எழுதி, கிட் தாளில் சொன்ன அத்தனை சொட்டுகள் விடுங்கள். ஒரு கிட்டுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு மூன்று. "எல்லாம் ஒண்ணுதான்" என்று விடாதீர்கள். சொட்டு விட்டதும் டைமர். நான் மேஜையில் சமையலறை டைமர் ஒன்று வைத்திருக்கிறேன், இட்லி வேக வைக்க வாங்கியது. தாளில் 20 நிமிடம் என்றால் 20 நிமிடம்தான். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நெகட்டிவ் எழுதுவதும் தப்பு, சாப்பிட்டுவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் படிப்பதும் தப்பு. காய்ந்த கார்டில் இல்லாத கோடு தோன்றும்.

சி என்ற இடத்தில் மட்டும் கோடு வந்தால் நெகட்டிவ். சி, டி இரண்டிலும் வந்தால் பாசிட்டிவ். சி வரவேயில்லை என்றால் அந்தக் கார்டு செல்லாது, டி இடத்தில் என்ன தெரிந்தாலும் சரி, புதுக் கார்டில் மறுபடி பாருங்கள்.

தகராறு வருவது மங்கல் கோட்டில். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இருக்கிற மாதிரி, நேராகப் பார்த்தால் இல்லாத மாதிரி ஒரு கோடு. எங்கள் நிலையத்தில் ஒரு பையன் இருந்தான், கெட்டிக்காரன்தான், இப்படி வந்தால் "லைட்டா இருக்கு மேடம், நெகட்டிவ்னு போட்டுடவா?" என்பான். கோட்டுக்கு லைட், ஸ்ட்ராங் என்று மார்க் கிடையாது. குறித்த நேரத்துக்குள் டி இடத்தில் கோடு தெரிந்தால் அது பாசிட்டிவ்தான். ஆன்டிஜன் அளவுக்கு மீறி அதிகமாக இருந்தாலும் சில நேரம் கோடு மங்கலாகவே வரும். அந்தத் தாய்க்குத்தான் வைரஸ் மிக அதிகம் இருக்கும். நாம் அவளை நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

எவ்வளவு தெளிவாகக் கோடு வந்தாலும் ஒரே கார்டை நம்பி முடிவு சொல்லக் கூடாது. அதே சீரத்தை வேறு கிட்டிலோ, மாவட்ட லேபுக்கு அனுப்பி எலிசா என்ற இயந்திரச் சோதனையிலோ உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன், "சமீபத்துல ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நர்சிங் படிக்கும் பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். தடுப்பூசியில் இருப்பதும் இதே ஆன்டிஜன்தான், போட்ட இரண்டு மூன்று வாரத்துக்கு டெஸ்டில் பொய்க்கோடு காட்டலாம்.

இன்னொரு குழப்பம், தனியார் லேப் ரிப்போர்ட்டுகள். போன வருடம் ஒரு கணவர் முகம் வெளிறி ஓடிவந்தார். ரிப்போர்ட்டில் "ஆன்டி ஹெச்.பி.எஸ். பாசிட்டிவ்" என்று இருந்தது. அது நோய் இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்பதற்கான அடையாளம். முன்னால் ஒட்டியிருக்கும் "ஆன்டி" என்ற சொல்லைப் படிக்காமல் யாரோ அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சொல்வது

முடிவைச் சொல்வது டாக்டர் மேடத்தின் வேலை. ஆனாலும் பெண்கள் என் ஜன்னலுக்குத்தான் முதலில் வருவார்கள், அதனால் நீங்களும் பேசத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாமியார், நாத்தனார் எதிரில் ஒரு சொல்லும் வேண்டாம். "யூரின் ஒரு தடவை எடுக்கணும், நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா" என்று அழைத்துப்போய் உட்கார வைப்பது என் தந்திரம். சிறுநீர் டப்பாவையும் கையில் கொடுத்துவிடுவேன், வெளியே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வராது.

அப்படி உட்கார்ந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை. டாக்டர் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் எந்தத் தப்பும் பண்ணலக்கா" என்றாள். பாசிட்டிவ் என்று சொன்னதும் பல பெண்கள் முதலில் சொல்வது இதுதான். அவளிடம் சொன்னேன்: "தப்புன்னு யாரு சொன்னா? உங்கம்மாகிட்டேர்ந்தே வந்திருக்கலாம்மா, நீ பொறந்தப்ப. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது." மறுவாரம் தன் அம்மாவையும் தம்பியையும் கூட்டி வந்தாள். அம்மாவுக்குக் கோடு வந்தது. தம்பிக்கும் வந்தது. அந்தத் தம்பி பட்டாளத்துக்குப் போக ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான், நல்ல திடகாத்திரமான பையன். ஒரு கர்ப்பிணிக்குப் பாசிட்டிவ் என்றால் கணவரை மட்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தாய், கூடப்பிறந்தவர்கள், முந்தைய பிள்ளைகள், எல்லாருக்கும் பாருங்கள். நெகட்டிவ் ஆனவர்களுக்குத் தடுப்பூசி.

அப்புறம் கேட்பவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பால் கொடுக்கலாமா? தாராளமாக. பிறந்த உடனே ஊசி போட்டுவிட்டால் தாய்ப்பாலுக்குத் தடையே இல்லை. ஆபரேஷன்தானா? இந்தக் காரணத்துக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா? வேண்டாம், ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பல் தேய்க்கும் பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் தனி. கீழாநெல்லி குடிக்கட்டுமா? அது இந்த வைரஸை விரட்டும் என்பதற்கு நிரூபணம் இல்லை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் வேண்டாம். வலிக்கு, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினாலும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கல்லீரலுக்கு ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறது.

அடுத்தது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே பார்ப்பது மூன்று: ஈ ஆன்டிஜன் (ஈ வகைக் காமாலை இல்லை, பி வைரஸ் வேகமாகப் பெருகுகிறது என்று காட்டும் புரதம்), ரத்தத்தில் வைரஸ் அளவு, கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதற்கான சோதனைகள். ஈ ஆன்டிஜன் பாசிட்டிவாக இருந்து எதுவுமே செய்யாமல் விட்டால் நூற்றுக்கு 70 முதல் 90 பிள்ளைகளுக்குத் தொற்றும். அது நெகட்டிவ் என்றால் 10 முதல் 40. வைரஸ் அளவு ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தொட்டாலோ, ஈ ஆன்டிஜன் பாசிட்டிவ் என்றாலோ தாய்க்கு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. முன்பு 28வது வாரத்தில் தொடங்கச் சொன்னார்கள். 2024 வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் இரண்டாவது மூன்று மாதத்திலிருந்தே தொடங்கலாம் என்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது எல்லாம் டாக்டர் முடிவு. "பிள்ளைதான் பொறந்துடுச்சே" என்று தானாக நிறுத்தினால் கல்லீரல் திடீரென வீங்கலாம், அதை மட்டும் அழுத்திச் சொல்லி வையுங்கள். அந்த நீண்ட வரிசையில் போய் நிற்க ஒரு நாள் கூலி போகும், பஸ்சுக்கு ஆகும். கிராம சுகாதார நர்ஸ் கூடப் போனால்தான் பாதிப் பேர் போகிறார்கள். இல்லாவிட்டால் சீட்டு பர்சிலேயே கிடக்கும்.

வளைகாப்புக்கு முன்னால்

2014ல் நடந்தது. தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி, எங்களிடம் பாசிட்டிவ். நானேதான் ரிப்போர்ட் எழுதினேன், தனித்துண்டுச் சீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து வடக்கே, வேறு மாவட்டத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கை நிறைய வளையல், ஐந்து வகைச் சோறு, எல்லாம் கூடப் போனது. சீட்டு மாமியார் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ராத்திரி வலியோடு சேர்த்தார்கள். "டெஸ்ட் எல்லாம் நார்மலா?" என்று கேட்டதற்கு அவளுடைய அம்மா "எல்லாம் நார்மல்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அங்கேயும் புதிதாக ஒரு கார்டு போட்டுப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு முதல் ஹெபடைடிஸ் பி ஊசி நான்காம் நாள், டிஸ்சார்ஜ் ஆகும்போது. எங்கள் கிராம சுகாதார நர்ஸ் குழந்தை பிறந்ததா என்று விசாரிக்கப் போன் செய்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

டெஸ்ட் சரி. ரிப்போர்ட் சரி. இரண்டும் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து பார்த்தோம், நெகட்டிவ். அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நான் துண்டுச் சீட்டு கொடுப்பதில்லை. தாய் சேய் நல அட்டையில் அதற்கென்று உள்ள இடத்தில், தேதியோடு, கையெழுத்தோடு எழுதிவிடுவேன். நெகட்டிவ் என்றாலும் எழுதுவேன். வெற்றிடமாக இருந்தால் பார்த்தார்களா இல்லையா என்று அடுத்தவருக்குத் தெரியாது. பதிவை பிக்மியில் அன்றைக்கே ஏற்றச் சொல்லுவேன். அந்தப் பக்கத்தை அவள் போனிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுவேன். பாசிட்டிவ் தாய் என்றால் ஆறாம் மாதத்திலேயே கேட்பேன்: "வளைகாப்பு எப்ப? பிரசவம் எங்க? அந்த ஊர் நர்சம்மா நம்பர் இருக்கா?" இரண்டு ஊர் நர்ஸ்களும் ஒரு தடவை போனில் பேசிவிட்டால் எனக்கு நிம்மதி. அவளுடைய அம்மாவிடமோ அக்காவிடமோ, அவள் நம்புகிற ஒரு ஆளிடம் விஷயத்தைச் சொல்லி வைக்கச் சொல்லுவேன். யாரிடம் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வலியில் துடிக்கும்போது அவளால் பேச முடியாது, அப்போது அவளுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும்.

பிரசவ அறையில்

அட்டை இல்லாமல், ரிப்போர்ட் இல்லாமல் வருகிற தாய்க்கு வலி நேரத்திலேயே கார்டு போட வேண்டும். பிரசவ அறை சிஸ்டர்கள் லேப் பூட்டியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு கார்டும் ஒரு டைமரும் அங்கேயே இருக்கட்டும், நான் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆனால் முடிவு வரும்வரை ஊசிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தாய் யாராக இருந்தாலும், பாசிட்டிவோ நெகட்டிவோ, பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி முதல் ஊசி. 0.5 மில்லி, தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில். பிட்டத்தில் போடக் கூடாது. குத்துவதற்கு முன் பிள்ளையின் தோலில் ஒட்டியிருக்கும் தாயின் ரத்தத்தைச் சுத்தமாகத் துடையுங்கள்.

தாய் பாசிட்டிவ் என்றால் இதோடு ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் வேண்டும். 100 யூனிட், இன்னொரு தொடையில், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி உடம்புக்கு வைரஸை அடையாளம் காட்டிக் கற்றுக்கொடுக்கும், அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை காவலுக்கு நிற்பது இம்யூனோகுளோபுலின். விலை உயர்ந்த மருந்து, எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. ஆகவே பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும், அல்லது அது இருக்கிற மருத்துவமனையிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கிடைக்கவில்லை என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், தடுப்பூசி தனியாகவே பெரிய பாதுகாப்புத் தரும். எடை இரண்டு கிலோவுக்குக் குறைவு என்று சிலர் தயங்குவார்கள். பாசிட்டிவ் தாயின் பிள்ளைக்கு எடை பார்க்கவே வேண்டாம்.

இருபத்துநாலு மணி நேரம் ஏன் தவறுகிறது தெரியுமா? எங்கள் இடத்தில் காரணம் ஒரு சாவி. தடுப்பூசிக் குளிர்பெட்டி அறையை மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள், சாவி ஒருவர் வீட்டுக்குப் போகும். சனிக்கிழமை ராத்திரி பிறந்த பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஊசி. பல மாதம் இப்படி நடந்தது. ஒரு மீட்டிங்கில் நான் வாயைத் திறந்துவிட்டேன், இரண்டு பேர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பிரசவ அறைக் குளிர்பெட்டியிலேயே எப்போதும் ஒரு வயல், அதாவது தடுப்பூசிக் குப்பி, இருக்கிறது. பத்து டோஸ் வயலைத் திறந்தால் தேதி எழுதி வைத்து, குளிர் ஒழுங்காக இருந்து, குப்பியின் வெப்பக் குறியீடும் சரியாக இருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். "ஒரு பிள்ளைக்காக வயலைத் திறக்கணுமா" என்று யாராவது முனகினால் இதைச் சொல்லுங்கள்.

வயலை ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைக்காதீர்கள். இந்தத் தடுப்பூசி கொஞ்சம் சூட்டைக்கூடத் தாங்கிவிடும், உறைந்தால் செத்துவிடும். 2 முதல் 8 டிகிரி. ஒரு தடவை உறைந்த வயலைக் குலுக்கி வைத்துப் பாருங்கள், தயிர் திரிந்த மாதிரி துகள்கள் சீக்கிரம் அடியில் படியும். உறையாததைக் குலுக்கினால் பால் கலந்த தண்ணீர் போல ஒரே சீராக நிற்கும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். பாசிட்டிவ் தாயின் கட்டிலில் சிவப்பு மையால் பெரிதாக எழுதித் தொங்கவிடுவது, அவளைக் கடைசிக் கட்டிலில் தள்ளுவது. கையுறை, முகக்கவசம், ரத்தம் சிந்திய இடத்தில் ஹைப்போகுளோரைட், இதெல்லாம் ஒவ்வொரு பிரசவத்துக்கும் செய்ய வேண்டியது. அட்டையில் இருக்கும் நெகட்டிவை நம்பிக் கையுறை போடாதவர்தான் ஒரு நாள் மாட்டிக்கொள்வார்.

பிறகு

பிள்ளைக்கு 6, 10, 14வது வாரங்களில் பென்டாவேலன்ட், ஐந்து நோய்க்கும் சேர்த்த ஒரே தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து போடுகிறோம், ஹெபடைடிஸ் பி அதற்குள்ளேயே இருக்கிறது. பாசிட்டிவ் தாயின் பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்த பிறகு, ஒரு வயதுக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. இருக்கிறதா, ஆன்டி ஹெச்.பி.எஸ். வந்திருக்கிறதா என்று இரண்டும். அதற்கு முன் பார்த்தால் போட்ட இம்யூனோகுளோபுலினே முடிவைக் குழப்பும். தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பதும் வீண், அதில் தாயின் ரத்தம் கலந்திருக்கும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வரும்போது நினைவுபடுத்தினால் வந்துவிடுகிறார்கள். நான் காலண்டரில் பென்சிலால் பிக்மி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எழுதி வைக்கிறேன், பெயர் எழுதுவதில்லை.

கடைசியாக, இதைப் படிக்கிற உங்களுக்கு. தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி, ஈ ஆன்டிஜன் உள்ள ரத்தமாக இருந்தால், நூற்றில் முப்பது வரை. மேஜையில் காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஊசியை மூடியால் மூடப் போகாதீர்கள், நேராக ஹப் கட்டரில் வெட்டுங்கள். உங்களுக்கும் மூன்று டோஸ் உண்டு: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்.பி.எஸ். பாருங்கள், 10க்கு மேல் இருந்தால் போதும். சுவரில் ஒட்டக் கேட்ட பெண்ணிடம் விசாரித்தேன், ஒன்றுகூடப் போடவில்லையாம். போன புதன்கிழமை கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது எப்போது என்று என் காலண்டரில் அவளுக்கும் ஒரு பென்சில் குறி இருக்கிறது.